எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’

மருதமுனையில் றம்லாவின் தையல் நிலையத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையில் யாரிடம் கேட்டாலும், “மெஷின் சத்தம் கேக்குதே, அதுதான்” என்று கை காட்டுவார்கள். சுனாமியில் கடல் ஊரைக் கொண்டுபோன வருடத்துக்கு அடுத்த வருடம், முகாமில் ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த ஒற்றை மெஷினோடு தொடங்கியவள் அவள். பிறகு இருபத்து நான்கு மெஷின்கள்வரை ஓடின. பாடசாலைச் சீருடையும் அபாயாவும் தைத்துக் கல்முனைக் கடைகளுக்கும் அக்கரைப்பற்றுக்கும் அனுப்புகிறாள். கணவர் மிஹ்லார் கணித ஆசிரியர். வியாபாரத்தில் அவர் தலையிடுவதில்லை.

றம்லாவைப் பற்றி ஊரில் யாரும் குறை சொன்னதில்லை. வேலைக்கு வரும் பெண்களுக்கு நோன்பு காலத்தில் நேரத்தோடு விடுமுறை, தீபாவளிக்குப் பாண்டிருப்புப் பெண்களுக்கு இரண்டு நாள் விடுமுறை, யாராவது வீட்டில் மௌத்து, சாவு என்று விழுந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பது என்று நல்ல பெயர் எடுத்து வைத்திருந்தாள். அந்தப் பெயர் அவளுக்கும் பிடித்திருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருந்தது என்று பிற்காலத்தில் அவளே சொல்வாள்.

தங்கேஸ்வரி அவளிடம் வேலைக்கு வந்தது இரண்டாயிரத்து எட்டில். பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வந்திறங்கிய இருபத்திரண்டு வயதுப் பெண், மெஷினைத் தொடுவதற்கு முன்பே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

“அக்கா, எனக்குச் சின்னனில காய்ச்சல் வந்து நெஞ்சில ஒரு வால்வு பழுதாப் போயிட்டு. மாசத்துல ஒருக்கா ஆஸ்பத்திரில ஊசி போடணும். அண்டைக்கு மட்டும் சுணங்கும்.”

“ஊசி நாளைக்கு அரை நாள் லீவு. அதுக்கென்ன புள்ள,” என்றாள் றம்லா.

பதினைந்து வருடமாக அது அப்படியே நடந்தது. தங்கேஸ்வரி மறந்தாலும் றம்லா மறக்கமாட்டாள். “இண்டைக்கு ஊசியெல்லுவா? வெயில் ஏற முந்திப் போயிட்டு வா” என்று அவளே எழுப்பி அனுப்புவாள். கொலர் வைப்பதில் தங்கேஸ்வரியை மிஞ்ச அந்தக் கூடத்தில் ஆள் இல்லை. புதிதாக வருகிறவர்களை றம்லா அவளுக்குப் பக்கத்தில்தான் உட்காரவைப்பாள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் பெண்கள் ஒவ்வொருவராக விலகத் தொடங்கினார்கள். தூரத்தில் ஒரு பெரிய ஆடைத் தொழிற்சாலை. காலையில் பஸ் அனுப்பி ஏற்றிக்கொண்டு போவார்கள். சம்பளத்தில் பெரிய வித்தியாசமில்லை. விலகிய ஒரு பெண்ணிடம் காரணம் கேட்டபோது, “அங்க மருத்துவ இன்சூரன்ஸ் காட் குடுக்காங்க ராத்தா. உம்மாட பேரையும் போடலாமாம்,” என்றாள்.

றம்லாவுக்கு அது விளங்கவில்லை. ஆஸ்பத்திரி இலவசம். மருந்தும் இலவசம். பிறகு எதற்கு இந்தக் காட்? ஆனால் மருந்து இலவசம் என்றாலும் நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த அந்த இரண்டு வருடமாகப் பாதி மருந்தை வெளியில்தான் வாங்கச் சொன்னார்கள். ஸ்கேன் எடுக்க நாள் கேட்டால் மூன்று மாதம் தள்ளிக் கொடுத்தார்கள். அதையெல்லாம் அவள் யோசிக்கவில்லை. யோசித்தது ஒன்றைத்தான்: காட் கொடுத்தால் பெண்கள் போகமாட்டார்கள்.

காப்புறுதிக் கம்பனி முகவர் ஹாதிக் தூரத்து உறவு. அவளை மாமி என்று அழைப்பவன். அவன் இருபத்து நான்கு படிவங்களைக் கொண்டுவந்து வெட்டு மேசையில் வைத்தான்.

“ஒரே பொலிசிதான் மாமி. ஆனா ஆளுக்கொரு போம் நிரப்பணும். சுகாதார விவரம். பன்னிரண்டு கேள்வி. எல்லாரும் சுகமா இரிந்தா இந்தக் கட்டணம். ஆருக்கும் பழைய வருத்தம் இரிக்கி எண்டு போட்டா கம்பனி அந்த ஆள எடுக்காது. எடுத்தாலும் மொத்தமா ஏத்திப் போடும்.”

“எவ்வளவு ஏறும்?”

“அது அவங்க பாத்துச் செல்றது. நீங்க பாத்து நிரப்புங்க மாமி.”

‘பாத்து’ என்ற சொல்லை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். றம்லாதான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பெண்களில் அதை வாசிக்கக்கூடியவர்கள் இரண்டு மூன்று பேர்தான். நேரம் மிச்சமாகட்டும் என்று றம்லா தானே நிரப்பினாள். இதய நோய் உண்டா, நீரிழிவு உண்டா, கடந்த ஐந்து வருடத்தில் தொடர்ச்சியாக ஏதேனும் சிகிச்சை பெற்றீர்களா என்று பன்னிரண்டு கேள்விகள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு சரி அடையாளம். பத்துப் பன்னிரண்டு படிவங்கள் முடிந்ததும் கேள்விகளை வாசிப்பதையும் விட்டுவிட்டாள். பெண்கள் ஒவ்வொருவராக எழும்பி வந்து, அவள் விரல் வைத்த இடத்தில் ஒப்பமிட்டுவிட்டுத் திரும்பவும் மெஷினுக்குப் போனார்கள்.

தங்கேஸ்வரி வந்தாள். பேனையை எடுத்தவள் கொஞ்சம் தயங்கினாள்.

“அக்கா, இதுல என்ட நெஞ்சு வருத்தத்தப் போடணுமோ?”

றம்லா தலையை நிமிர்த்தவில்லை. “தேவல்ல புள்ள. அதெல்லாம் சும்மா கேள்வி. நான் பாத்துக்குறன். நீ ஒப்பத்த வை.”

தங்கேஸ்வரி ஒப்பமிட்டாள். பதினைந்து வருடமாக ‘இண்டைக்கு ஊசி’ என்று ஞாபகப்படுத்தியவள் சொன்னால், அதற்கு மேல் அவள் என்ன கேட்பாள்?

காப்புறுதிக் காட்டுகள் வந்த அன்று வர்த்தகர் சங்கத் தலைவர் பதியுதீன் ஹாஜியாரை அழைத்துச் சிறிதாக ஒரு வைபவம் வைத்தாள். சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருப்பவர் அவர். “சின்ன முதலாளி ஒருத்தர் தொழிலாளிக்கு இப்பிடிச் செய்றது நம்மட பகுதில இதான் முதல் தரம்,” என்று பேசினார். படம் எடுத்து முகநூலில் போட்டார்கள். படத்தில் காட்டை வாங்குகிறவள் தங்கேஸ்வரி. மூத்த தொழிலாளி என்பதால் அவளைத்தான் முன்னால் நிறுத்தினார்கள்.

அடுத்த வருடம் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில் தண்ணீர்க்குடம் தூக்கிக்கொண்டு போன தங்கேஸ்வரி வழியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு எடுக்க முடியவில்லை. சில நாட்களில் கால்கள் வீங்கின. பரிசோதித்த வைத்தியர், வால்வு நன்றாகச் சுருங்கிவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்றார். கொழும்பில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும். தனியாரில் என்றால் இரண்டு மூன்று கிழமைக்குள் செய்யலாம்.

தங்கேஸ்வரி பயப்படவில்லை. வேலைக்கு வந்து எல்லோரிடமும் சொன்னாள். “காட் இருக்குத்தானே. முழுக்கக் குடுக்காட்டியும் பெரிய பங்கு குடுப்பாங்களாம். மிச்சத்துக்கு இவர் தோணியில அவர்ட பங்க விக்கப் போறாராம்.” ‘இவர்’ என்றது அவள் கணவர் அழகரெத்தினத்தை. மீன்பிடிக்கிறவர், அதிகம் பேசாத மனிதர்.

றம்லா அன்று மதியம் சாப்பிடவில்லை. தங்கேஸ்வரி கம்பனிக்கு அனுப்பப்போகும் விண்ணப்பத்தை நிறுத்த ஒரு வழி கிடைக்குமா என்று யோசித்தாள். உண்மையைச் சொல்ல ஒரு வழி கிடைக்குமா என்று அவள் யோசிக்கவில்லை. பின்பு அவளை அதிகமாகக் குத்தியது அதுதான்.

விண்ணப்பம் போனதும் கம்பனி கிளினிக் கொப்பியின் பிரதியைக் கேட்டது. கொப்பியின் முதல் பக்கத்திலேயே நோயின் பெயரும், பக்கம் பக்கமாக ஊசி போட்ட திகதிகளும் இருந்தன. பன்னிரண்டு நாளில் கடிதம் வந்தது. ஹாதிக் அதற்கு முந்திய நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டான்.

“மாமி, நிராகரிச்சிட்டாங்க. முன்னால இரிந்த வருத்தத்த மறைச்சதாம். போம ஆர் நிரப்பின எண்டு ஆரும் கேட்டா என்ன செல்ற?”

“ஆரும் கேக்கமாட்டாங்க,” என்றாள் றம்லா.

ஆனால் கேட்டார்கள். தங்கேஸ்வரியும் அழகரெத்தினமும் அலுவலக அறைக்கு வந்து பிளாஸ்டிக் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. றம்லா கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னாள். அழகரெத்தினம் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஆர் மறைச்சது?”

முந்திய நாள் முழுவதும் றம்லா யோசித்து வைத்திருந்த வசனம் அவள் வாயில் தயாராக இருந்தது.

“போமில வருத்தம் இல்லை எண்டுதான் இரிக்கி. ஒப்பம் தங்கேஸ்வரிடதான்.”

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அழகரெத்தினம் மனைவியின் பக்கம் திரும்பினார். தங்கேஸ்வரி றம்லாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இப்போது சொல்லப்போகிறாள் என்று றம்லா நினைத்தாள். தங்கேஸ்வரி சொல்லவில்லை.

“ஓம். ஒப்பம் என்டதான்,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். மூச்சு வாங்கியதால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். பிறகு இருவரும் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியின் பட்டியலில் பெயர் பதிந்துவிட்டு வீட்டில் இருந்தாள். கதை ஊரில் பரவியது. தங்கேஸ்வரி வருத்தத்தை மறைத்தாளாம், கம்பனி கண்டுபிடித்துவிட்டதாம், நல்ல முதலாளியைப் போய் ஏமாற்றினாளாம். மெஷின்களுக்கு நடுவில் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் றம்லா எழுந்து வெட்டுத்துணி கணக்குப் பார்க்கப் போய்விடுவாள். ஒருநாள் றிஸ்லா என்ற இளம்பெண், “ராத்தாக்குத் தங்கேஸ் அக்காட ஊசி தெரியுந்தானே?” என்று வெகுளியாகக் கேட்டாள். பக்கத்திலிருந்த இரண்டு பெண்களின் மெஷின்கள் ஒரே நேரத்தில் நின்றன. “வேலையப் பாருங்க,” என்றாள் றம்லா. பத்தொன்பது வருடத்தில் அவள் அந்தக் கூடத்தில் அப்படிக் கடுமையாகப் பேசியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரத்தில் ஓட்டோ பிடித்துப் பாண்டிருப்புக்குப் போனாள். பழங்களும் ஹோர்லிக்ஸ் போத்தலும் வாங்கியிருந்தாள். தங்கேஸ்வரியின் ஒழுங்கை முகப்பில் ஓட்டோ திரும்பியதும், வீட்டு முற்றத்தில் அழகரெத்தினம் வலையை விரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. “திருப்புங்க தம்பி,” என்றாள். “இதுதானே மாமி நீங்க சொன்ன இடம்?” என்று ஓட்டோக்காரர் கேட்டார். “இல்ல. பிழையா வந்திட்டன்,” என்றாள். ஹோர்லிக்ஸ் போத்தல் அவள் மடியிலேயே வீடு திரும்பியது.

இரண்டு மாதம் கழித்துப் பதியுதீன் ஹாஜியார் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார். எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவான ஒரு மருத்துவக் காப்புறுதித் திட்டம் கொண்டுவரலாமா, முதலாளிமார் ஒரு பங்கு கட்டவேண்டி வந்தால் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய, ஆய்வுக் குழுவொன்றிலிருந்து ஓர் அலுவலர் வருகிறார் என்றார். “நீங்க கட்டாயம் வரணும் தங்கச்சி. இதுல அனுபவம் இரிக்கிற ஒரே ஆள் நீங்கதான்.”

கல்முனையில் ஒரு மண்டபத்தின் மேல்மாடியில் கூட்டம் நடந்தது. முப்பது பேரளவில் வந்திருந்தார்கள். பெண்கள் இருவர்தான். ஒருவர் றம்லா, மற்றவர் வந்திருந்த அலுவலர் சுஜித்தா. மட்டக்களப்புப் பக்கத்துப் பெண், வயது முப்பத்தைந்து இருக்கும். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் பேசினாலும் இடைமறிக்காமல் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள்.

முதலில் எழுந்தவர் சாய்ந்தமருதில் ஆழ்கடல் படகுகள் வைத்திருப்பவர். “என்ட போட்டுல ஏறுறவன் இண்டைக்கு என்னோட, நாளைக்கு இன்னொருத்தனோட. அவனுக்கு ஆர் கட்டுற? நானா மத்தவனா?” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி என்று பலரும் தலையாட்டினார்கள். இரும்புக்கடை வைத்திருப்பவர் ஒருவர், ஆஸ்பத்திரி இலவசமாக இருக்கும்போது நாங்கள் ஏன் கட்டவேண்டும், அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கிப் போட்டால் போதாதா என்றார். அதற்கும் தலையாட்டினார்கள். பிறகு பதியுதீன் ஹாஜியார் எழுந்தார்.

“நான் திட்டத்துக்கு எதிரில்ல. ஆனா ஒண்டு செல்லணும். முதலாளி நல்ல மனசோட செய்தாலும் தொழிலாளி உண்மையா இரிக்கணும். நம்மட றம்லா தங்கச்சிய எடுங்க. எல்லாருக்கும் காட் எடுத்துக் குடுத்தாங்க. அதுல ஒரு பொம்புள பழைய வருத்தத்த மறைச்சு ஒப்பம் வெச்சிட்டா. இண்டைக்குக் கம்பனிக்கிட்டத் தங்கச்சிட பேர்தான் கெட்டுப்போய்க் கிடக்கு. இதுக்குத் திட்டத்துல என்ன பாதுகாப்பு?”

முப்பது பேரும் றம்லாவைப் பார்த்தார்கள். எல்லா முகத்திலும் அனுதாபம் இருந்தது. இரும்புக்கடைக்காரர், “பாவம் மனிசி,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

சுஜித்தா, “நீங்க ஏதும் சொல்ல விரும்புறீங்களா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்திருந்தால் கூட்டம் அடுத்த ஆளிடம் போயிருக்கும். றம்லா எழுந்தாள். எதற்காக எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. எழுந்த பிறகு உட்கார வழியில்லாமல் போயிற்று என்பதுதான் உண்மை.

“அந்தப் போம நிரப்பினது நான்,” என்றாள்.

பதியுதீன் ஹாஜியார் அவள் சொன்னது கேட்காததுபோல் கையை விரித்தார்.

“அவக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியா. வருத்தத்தப் போடணுமோ எண்டு எனக்கிட்டக் கேட்டா. தேவல்ல எண்டு நான்தான் சொன்னன். அவட வருத்தம் எனக்குப் பதினஞ்சி வருஷமாத் தெரியும். ஊசிக்கு லீவு குடுத்து அனுப்புறதே நான்தான். கட்டணம் ஏறும் எண்டுதான் மறைச்சன். கடிதம் வந்தண்டைக்கு, அவட மாப்புள்ளைக்கு முன்னால, ஒப்பம் அவடதான் எண்டு சொன்னன்.”

சற்றுமுன் அனுதாபமாகப் பார்த்தவர்கள் மேசையையும் தொலைபேசியையும் பார்க்கத் தொடங்கினார்கள்.

சுஜித்தா தட்டச்சை நிறுத்தியிருந்தாள். “இத நான் எழுதலாமா? பேர் போடமாட்டன்,” என்று மெதுவாகக் கேட்டாள்.

“எழுதுங்க.”

“அப்ப, திட்டம் வரணுமா வேணாமா? உங்கட கருத்து என்ன?”

றம்லா யோசித்துத்தான் பேசினாள். “வரணும். ஆனா அந்தக் கேள்வி இரிக்கப்படா. வருத்தம் இரிக்கா எண்டு கேட்டு, இரிக்கிறவளுக்குக் கூடக் கட்டு எண்டு வெச்சா, என்னப் போல ஆக்கள் இல்லை எண்டுதான் எழுதுவம். போம முதலாளிட கையில குடுக்கவும் படா.”

“கேள்வி இல்லாட்டி எல்லாருக்குமெல்லுவா கட்டணம் ஏறும்?” என்று படகுக்காரர் பின்னாலிருந்து கேட்டார்.

“ஓம், ஏறும். அதுக்கு எனக்குப் பதில் தெரியா,” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பதியுதீன் ஹாஜியார் பக்கத்தில் வந்தார். அவர் கோபப்படவில்லை. “சபையில செல்ற கதையா தங்கச்சி இது? எனக்கிட்டத் தனியச் சொல்லிரிக்கலாமே. நானும் அந்தப் பொம்புளயப் பத்தி வாய் வெச்சிட்டன்,” என்றார். அவர் வெட்கப்பட்டுத்தான் சொன்னார் என்று றம்லாவுக்குத் தெரிந்தது. தன்னால் இன்னொருவரும் வெட்கப்பட வேண்டியதாயிற்று என்று அதையும் தன் குற்றத்தில் சேர்த்துக்கொண்டாள்.

மிஹ்லார் மறுநாள் ஆசிரியர் அறையில் கேள்விப்பட்டு வந்தார். சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். “முப்பது பேருக்கு முன்னால சொல்ல ஏலுமாப் போச்சு. எனக்கிட்டச் சொல்ல ஏலாமப் போச்சா?” என்றார். அவர் முன்னால் நல்லவளாக இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது என்று எப்படிச் சொல்வது?

அன்றே கம்பனிக்குக் கடிதம் எழுதினாள். மிஹ்லார்தான் ஆங்கிலத்தில் திருத்திக் கொடுத்தார். படிவங்களைத் தானே நிரப்பியதாகவும், தவறு தன்னுடையதென்றும், தங்கேஸ்வரியின் கோரிக்கையை மீண்டும் பரிசீலிக்கும்படியும் எழுதினாள். பதில் வந்தது. கோரிக்கையை நிராகரித்தது நிராகரித்ததுதான். அதோடு, இருபத்து நான்கு படிவங்களும் தொழிலாளரால் நிரப்பப்படவில்லை என்று தெரியவருவதால், முழுப் பொலிசியும் ரத்துச் செய்யப்படுவதாக அறிவித்தார்கள்.

மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பெண்களிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நடந்ததைச் சொன்னால் அவர்களாவது விளங்கிக்கொள்வார்கள் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தாள். றிஸ்லா எழுந்தாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம்.

“ராத்தா, எனக்குப் பிள்ளை கிடைக்கிறதுக்கு அந்தக் காட்டத்தான் நம்பியிரிந்த. போன தரம் எனக்கு என்ன நடந்த எண்டு உங்களுக்குத் தெரியும். தங்கேஸ் அக்காக்கு நீங்க செய்தது பிழைதான். ஆனா அத எங்கட கையில இரிக்கிறதப் பறிச்சா திருத்துற?”

“நான் பறிக்கல்ல புள்ள. கம்பனி...”

“போம நாங்க நிரப்பியிரிந்தா கம்பனி பறிச்சிரிக்குமா?”

அந்த மாதம் நான்கு பேர் விலகித் தொழிற்சாலைப் பஸ் ஏறினார்கள். றிஸ்லாவும் அதில் ஒருத்தி. யாரும் சண்டை போடவில்லை. ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாண்டிருப்புக்கு இரண்டாம் முறை போனபோது றம்லா கையில் எதையும் கொண்டுபோகவில்லை. அழகரெத்தினம் வீட்டில்தான் இருந்தார். தங்கேஸ்வரி இரண்டு தலையணையில் சாய்ந்து கட்டிலில் இருந்தாள். படுத்தால் மூச்சு வருவதில்லை. முகம் சிறுத்து, கண் பெரிதாகத் தெரிந்தது. றம்லா கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டே அழகரெத்தினத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“தம்பி, போமில பொய் எழுதினது நான். தங்கேஸ் கேட்டா, நான்தான் வேணாம் எண்டன். அண்டைக்கு உங்களுக்கிட்ட அதச் சொல்லல்ல.”

அழகரெத்தினத்தின் குரல் உயரவில்லை.

“கடிதம் வந்தண்டைக்கு வீட்ட வந்து, நான் இவவோட ஆறு நாள் கதைக்கல்ல. ஏன் இப்பிடிச் செய்தா, எனக்கிட்டக்கூடச் சொல்லாம எண்டு கோவம். மூச்செடுக்க ஏலாத ஆளோட ஆறு நாள் முகம் குடுத்துக் கதைக்கல்ல நான். சோத்தப் போட்டுவெச்சா, திண்டிட்டுக் கடலுக்குப் போனன்.” அவர் தன் மனைவியைப் பார்த்தார். “ஏழாம் நாள்தான் இவ சொன்னா. அதுவும் நான் கேட்டதால.”

றம்லா தங்கேஸ்வரியின் பக்கம் திரும்பினாள். “அண்டைக்கு ஏன் புள்ள நீ சொல்லல்ல?”

“சொன்னா நீங்க இல்லை எண்டிருவீங்களோ எண்டு பயம் அக்கா,” என்றாள் தங்கேஸ்வரி. “நீங்க இல்லை எண்டா எனக்கு அதத் தாங்கேலா. அதவிட நான் பொய் சொன்ன ஆளா இருந்திட்டுப் போறது லேசாக் கிடந்திச்சு.”

சத்திரசிகிச்சைக்கான செலவைத் தான் ஏற்பதாகச் சொல்லத்தான் றம்லா வந்திருந்தாள். மெஷின்களில் பாதியை விற்றால் முடியும் என்று கணக்கும் பார்த்திருந்தாள். தட்டுத்தடுமாறி அதைச் சொன்னாள். அழகரெத்தினம் மறுத்துத் தலையை அசைத்தார்.

“வேணாம். மெஷின வித்தா அங்க இருக்கிற பிள்ளைகள் என்ன செய்யிற? பட்டியலில பேர் இருக்கு. கூப்பிடுவாங்க.”

நினைத்ததற்கு முன்பே கூப்பிட்டார்கள். பட்டியலில் முன்னால் இருந்த யாரோ ஒருவருக்குக் காய்ச்சல் வந்து திகதி தள்ளிப்போக, அந்த இடம் தங்கேஸ்வரிக்குக் கிடைத்தது. பதிந்து பத்து மாதத்தில், ஒரு சதமும் வாங்காமல், கொழும்பு அரசாங்க ஆஸ்பத்திரியில் அவளுக்கு வால்வு மாற்றினார்கள். அந்தப் பத்து மாதமும் றம்லா ஒவ்வொரு தொழுகையிலும் அவள் பெயரைச் சொல்லித்தான் துஆக் கேட்டாள். அவள் செத்துப்போனால் தன் கதி என்ன என்ற பயமும் அந்தத் துஆவில் கலந்திருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

றம்லா இப்போது வேறொரு கம்பனியில் காட் எடுத்திருக்கிறாள். கட்டணம் கூடுதல். அதனால் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டமுடியவில்லை. பத்தொன்பது மெஷின்தான் ஓடுகிறது. அந்தப் பொதுத்திட்டம் இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறதாம். சுஜித்தா அனுப்பிய அறிக்கையில், கிழக்கிலங்கைச் சிறு முதலாளி ஒருவர் சொன்னதாக நான்கு வரி இருக்கிறது. மிஹ்லார் அதை வாசித்துக் காட்டியபோது, “போதும்,” என்று பாதியில் நிறுத்தச் சொன்னாள்.

தங்கேஸ்வரி கொழும்பிலிருந்து வந்து இரண்டு மாதம் கழித்து றம்லா போய்ப் பார்த்தாள். அழகரெத்தினம் கடலுக்குப் போயிருந்தார். தங்கேஸ்வரி தானே எழுந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். நடையில் பழைய இளைப்பு இல்லை.

“திரும்பி வா எண்டு கேக்கத்தான் வந்தன்,” என்றாள் றம்லா.

“வரமாட்டன் அக்கா. கோவமில்ல. அங்க வந்தா எல்லாரும் நம்ம ரெண்டு பேரையுமே பாத்துக்கொண்டிருப்பாங்க. எனக்கு அது ஏலா. வீட்டிலயே பிளவுஸ் தைக்கிறன். காணும்.”

றம்லா தலையசைத்தாள். தேநீர் முடிந்தது. பேசுவதற்கு ஒன்றும் வரவில்லை. அந்த அமைதியில், பக்கத்தில் இருந்தவளின் நெஞ்சுக்குள்ளிருந்து கடிகாரம்போல் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. றம்லா சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“அது வால்வு அக்கா. இரும்பு வால்வு,” என்று தங்கேஸ்வரி லேசாகச் சிரித்தாள். “ஆரும் கதைக்காட்டித்தான் கேக்கும். இவர் படுக்கக்குள்ள அதக் கேட்டுக்கொண்டுதான் நித்திரையாகுறாராம்.”

எழும்ப வேண்டிய நேரம் கடந்துவிட்டது என்று றம்லாவுக்குத் தெரிந்தது. போகிறேன் என்று சொல்லவும் கூச்சம், இருக்கவும் கூச்சம். வெறும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள்.